சங்குப் பள்ளத்து வரவேற்பறை

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. மனித இனம் தோன்றுவதற்கு முன்பே தோன்றி, அது மறைந்த பிறகும் நிலைக்கப்போகிற இந்தப் புனித மண்ணின் முன் நாம் அனைவரும் தலைவணங்கி நிற்போமாக.

சங்குப் பள்ளத்து முகப்பில் கட்டியிருந்த பேனரில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. தலைவணங்கி நின்றவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் வேறொரு அவசரம் வந்தது. புனித மண்ணில் ஒண்ணுக்குப் போக இடம் இல்லை. ஒரு பஸ் நிறைய வந்த கல்லூரிப் பெண்கள் இடம் தேடிப் பெரம்பலூர் வரை போனார்கள். போனவர்கள் அப்படியே ஊருக்கும் போய்விட்டார்கள். அது செய்தியில் வந்த பிறகுதான், பள்ளத்துக்குப் பார்வையாளர் வளாகம் வேண்டும் என்ற ஞானோதயம் மேலிடத்தில் உண்டானது.

பெரம்பலூரும் அரியலூரும் தொட்டுக்கொள்கிற இடத்தில் இருக்கிறது சங்குப் பள்ளம். சிவப்பும் வெள்ளையும் சாம்பலுமாக மண் மடிந்து மடிந்து கீழே இறங்கும். மரம் கிடையாது. விளிம்பில் வேலிக்காத்தான் புதர், அதற்கப்பால் வெயில். குனிந்து எடுத்தால் கையில் வருவது கல்லாகிப்போன நத்தை, கல்லாகிப்போன சிப்பி. இங்கே ஒரு சாண் ஆழம்கூடத் தோண்டக் கூடாது என்று உத்தரவு. ஆகவே அஸ்திவாரம் இல்லாத கட்டடம் என்று முடிவானது. ஏதோ ஒரு ஷெட்டில் இரும்புச் சட்டமும் பேனலுமாக அறை அறையாகச் செய்வது. லாரியில் ஏற்றி வருவது. கிரேனால் தூக்கிக் கான்கிரீட் கட்டைகள் மேல் உட்காரவைத்து போல்ட் போட்டு முடுக்குவது. வேண்டாம் என்றால் கழற்றிக்கொண்டு போய்விடலாம். தற்காலிகம்.

அதை வரைந்தவள் தேவயானி. அவளும் தற்காலிகம்தான்.

திருச்சியில் ராஜவேல் என்பவர் நடத்தும் கம்பெனியில் அவள் ஒப்பந்த டிசைனர். பல வருடங்களாக ஒப்பந்தம். செட்டிகுளத்தில் அவளுடைய அம்மா இடுப்பு மூட்டு தேய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். ஆபரேஷன் செய்தால் சரியாகும். நிரந்தர ஊழியர்களின் பெற்றோருக்குக் கம்பெனி காப்பீடு உண்டு. தற்காலிக ஊழியர்களுக்குப் பெற்றோர் இருப்பதாகவே கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. திறப்பு விழா ஒரு சொல் பிசகாமல் முடிந்தால் அன்றைக்கே நிரந்தர ஆர்டர் என்று ராஜவேல் வாக்குக் கொடுத்திருந்தார். தேவயானி அதற்காகத்தான் சித்திரை வெயிலில், கடைசி அறையை ஏற்றி வந்த லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து பள்ளத்துக்கு வந்து இறங்கினாள்.

கடைசி அறைதான் பெரியது. வரவேற்பறை.

அறைகளை நத்தைக் கல் போலச் சுருள் வடிவில் வைக்க வேண்டும் என்பது ராஜவேலின் தத்துவம். வரைபடத்தில் அது நத்தை மாதிரியே இருந்தது. கிரேன் திரும்ப இடம் போதாததால், நேரில் பார்க்க, டீ குடிக்கப் போன டிரைவர்கள் தாறுமாறாக நிறுத்திவிட்டுப் போன லாரிகள் மாதிரி இருந்தது. வரவேற்பறையின் வாசல் மட்டும் சாலையைப் பார்க்காமல் பள்ளத்தைப் பார்த்தது. சிறப்பு விருந்தினர் சோபாவில் சாய்ந்தபடியே பத்துக் கோடி ஆண்டுகளைப் பார்க்க வேண்டுமாம்.

அந்த வாசலில் ஒரு சென்சார். யாராவது தாண்டினால் குரல் ஒலிக்கும். "வாருங்கள், வாருங்கள். சங்குப் பள்ளம் தங்களை அன்புடன் வரவேற்கிறது. உள்ளே வந்து அமருங்கள்." குரல், சோபாவை உபயம் செய்த உள்ளூர்ப் பிரமுகர் சின்னதுரையின் மகள் இலக்கியாவுடையது. பத்தாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய குரல்.

வாசலுக்கு எதிரே குடை நட்டு மோர் விற்கும் சம்பூர்ணம், முதல் முறை அந்தக் குரலைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மத்தியான நேரத்துல பள்ளத்தைப் பாத்து வா வான்னு கூப்புடுதே. யாரு பாப்பா சொல்லிக்குடுத்தது?"

அந்தப் பக்கத்தில் ஆடு மேய்ப்பவர்கள் உச்சிப்பொழுதில் பள்ளத்தை நோக்கி யாரையும் வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை. கைதட்டுவார்கள். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் கைதட்டல்தான். வா என்றால் யார் காதில் விழும் என்று சொல்ல முடியாது. தேவயானிக்கும் இது தெரியும். அவளுடைய அம்மாவே நண்பகலில் வாசலில் நின்று பெயர் சொல்லி அழைக்க மாட்டாள். தெரிந்துதான் சென்சாருக்குக் குறி போட்டாள். வரைபடத்தில் உச்சிப்பொழுது என்று ஒரு கோடு கிடையாது. சம்பூர்ணமும் பெரிதாக வற்புறுத்தவில்லை. வளாகத்துக்குள் அவளுக்கு ஒரு கடை ஒதுக்கினால், அந்தக் குரலோடு அனுசரித்துப் போக அவளுக்கு ஆட்சேபம் இல்லை என்று தெரிந்தது.

அன்று நண்பகலில் வேலையாட்கள் கிரேன் நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தேவயானி அறையின் பின்பக்கச் சுவரில் சாய்ந்து தயிர்சாதத்தைத் திறந்தாள்.

"வாருங்கள், வாருங்கள்."

யாரோ உள்ளே போகிறார்கள் என்று நினைத்தாள். எழுந்து சுற்றிவந்து பார்த்தாள். யாரும் இல்லை. வாசலுக்கு நேரே, பள்ளத்திலிருந்து கரைக்கு ஏறும் மண்சரிவில் வெயில் நெளிந்துகொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து, அனல் காற்றைப் பார்த்து சென்சார் ஏமாந்துபோகிறது என்று விளக்கம் சொல்லி, எதையோ திருகிவிட்டுப் போனான்.

மறுநாளும் உச்சியில் அது வரவேற்றது. அதற்கடுத்த நாளும்.

நாலாம் நாள் தேவயானி உள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். குரல் ஓய்ந்தது. பிறகு ரெக்ஸின் சோபா மெல்லப் பெருமூச்சு விட்டது. கனமான ஆள் உட்கார்ந்தால் அது அப்படித்தான் விடும்.

சோபா காலியாக இருந்தது.

அறைக்குள் ஒரு வாடை. கருவாட்டு வாடை இல்லை. நாள்பட்ட ஈரத்துணி, உப்பு, தூர்வாராத கிணற்றின் அடி. வெளியே இரும்பைத் தொட்டால் கை வெந்துபோகிற வெயில். உள்ளே அவளுடைய பாதத்துக்குக் கீழே தரை சில்லென்றிருந்தது. தரையெல்லாம் மாவு சலித்தது போல வெள்ளைத் தூசி. துடைத்தாள். திரும்பிப் பார்த்தபோது துடைத்த இடத்தில் மறுபடி படிந்திருந்தது.

காவலுக்கு இருந்த அய்யாக்கண்ணு இதற்கெல்லாம் அசரவில்லை. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி முதுகெலும்பு தேய்ந்து இந்த வேலைக்கு வந்தவர். ரெட்டிபாளையத்தில் பெண் எடுத்தவர். "இந்த ஊர்ல தூசி விழலன்னாதான் மேடம் பயப்படணும்" என்றார்.

அவருக்குத் துணையாக ஒரு செவலை நாய் இருந்தது. குளிர்ச்சியைக் கண்டுபிடிப்பதில் நாய்க்கு டிசைனர் தேவையில்லை. நண்பகலானால் வரவேற்பறைச் சோபாவுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். ஒருநாள் சோறு வைத்தும் அது வரவில்லை. அய்யாக்கண்ணு குனிந்து பார்த்தார். அது அங்கேதான் இருந்தது. மூக்கை வாலுக்குள் செருகி, வட்டமாக, வெள்ளையாக.

தடியால் லேசாகத் தட்டினார்.

டொக் என்றது.

அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. கொண்டுபோய்ப் பள்ளத்து மடிப்பில் வைத்தார்கள். வேறென்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் வெளியூரிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவர்கள் அதன் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வடிவம் இந்தப் பகுதியில் இதுவரை கிடைத்ததில்லை என்று அவர்களில் ஒருவன் பரவசமாகச் சொன்னான். அய்யாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பெயர் மணி.

தேவயானி ராஜவேலுக்குப் போன் செய்தாள். முழுதும் சொன்னாள். வாசல் பள்ளத்தைப் பார்த்து இருக்க வேண்டாம், அறையைச் சாலைப் பக்கம் திருப்பிவைக்கலாம், ஒரு கிரேன் போதும், அதற்காகத்தானே தற்காலிகக் கட்டடம் என்றாள். எதிர்முனையில் அவர் மேடைப் பேச்சுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்தக் குரலிலேயே பேசினார்.

"தேவயானி, வெயில் ஜாஸ்தி. மோர் வாங்கிக் குடி. விழா முடியற வரைக்கும் எதையும் திருப்ப வேணாம். அதுக்கப்புறம் பேயோ பிசாசோ, பராமரிப்பு ஒப்பந்தத்துல சேத்துக்கலாம். உன் ஆர்டர் டைப் ஆயிட்டிருக்கும்மா."

அந்தக் கடைசி வாக்கியத்தோடு அவள் போனை வைத்தாள். தானே போய் சென்சார் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். மறுநாள் சின்னதுரை குடும்பத்தோடு வந்து, வாசலைத் தாண்டியும் தாண்டாமலும் பலமுறை நடந்து பார்த்து, மகளின் குரல் கேட்காமல் முகம் கறுத்துத் திரும்பினார். சாயங்காலத்துக்குள் ஒயர் மறுபடி மாட்டப்பட்டது. இனி கரண்ட் போனாலும் குரல் நிற்காதபடி பேட்டரியும் வைத்தார்கள். சம்பூர்ணம் தன் பங்குக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி வாசலின் இருபுறமும் வைத்தாள். நண்பகலுக்குப் பிறகு பார்த்தால் இரண்டும் சுண்ணாம்புக் கட்டியாகி இருந்தன. எலுமிச்சை விற்கிற விலையில் இதை ஒருமுறைதான் செய்ய முடியும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

விழா நெருங்கியது. முடுக்குவதற்குக் குறைந்த போல்ட்டுகளை வாங்கி வர தேவயானி ஒருநாள் அறைகளைச் செய்த ஷெட்டுக்குப் போனாள். பஸ் கிடைக்காமல், வெயிலில் நின்று, டெம்போ ஒன்றில் தொற்றிக்கொண்டு திரும்பியபோது உச்சிப்பொழுது. சாலையிலிருந்தே கைதட்டும் ஓசை கேட்டது. யாரோ விழாவுக்கு ஒத்திகை பார்க்கிறார்கள் என்று நினைத்தாள்.

சம்பூர்ணம்தான். குடையைவிட்டு வெளியே வந்து, வரவேற்பறையைப் பார்த்து, நின்ற இடத்திலேயே கைதட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"அய்யாக்கண்ணு உள்ள போனாரு. தட்டுறேன், தட்டுறேன், வரல."

தேவயானி போல்ட் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசலைத் தாண்டும்போது இலக்கியா அவளை அன்புடன் வரவேற்றாள்.

உள்ளே வெளிச்சம் மாறியிருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் பச்சையாக, கலங்கலாக, அலைந்துகொண்டிருந்தது. காதில் ஓர் இரைச்சல். சங்கைக் காதில் வைத்தால் கேட்கும் இரைச்சல்; ஆனால் அது நாலு சுவரிலிருந்தும் வந்தது. கூரைப் பேனலில் ஓட்டை இல்லை. அவளே வரைந்த கூரை. அதிலிருந்து வெள்ளைத் தூசி இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் அலையாமல், அவசரமில்லாமல், நேராக.

அய்யாக்கண்ணு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

மீசை வெள்ளை. இமை வெள்ளை. மடியில் வைத்திருந்த கைகளின் மேல் விரல் கனத்துக்கு வெள்ளை.

மூச்சு இருந்தது. ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நிறைய இடம் இருந்தது.

தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மனிதரை இழுப்பது போல இல்லை. பூமியில் பாதி புதைந்த எதையோ இழுப்பது போல இருந்தது. அவருக்குப் பக்கத்தில் சோபா பள்ளமாக அழுந்தியிருந்தது. அந்தப் பள்ளத்தில் யாரும் இல்லை.

அப்போது அவளுடைய சொந்த முழங்கால்கள் அவளிடம் பேசின. உட்காரேன் என்றன. எத்தனை வருடமாக நின்றுகொண்டிருக்கிறாய். எத்தனை பஸ். எத்தனை ஒப்பந்தம். எதற்கு. உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தூசி அவளுடைய முன்கையில் விழுந்தது. குளிர்ச்சியாக, கிட்டத்தட்ட அன்பாக. வாழ்நாளில் அவளை யாரும் அப்படி உபசரித்ததில்லை.

சோபாவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டாள்.

வெளியே கைதட்டல் நின்றது. அந்தத் திடீர் நிசப்தம்தான் அவளை உலுக்கியது. சம்பூர்ணம் வாசலுக்கு வெளியே வந்து நின்று, உள்ளே கால் வைக்காமல், அடிக்குரலில் சொன்னாள்.

"கூப்புட்டது நீங்க. நீங்கதான் அனுப்பிவைக்கணும். போவச் சொல்லு பாப்பா."

தேவயானி சோபாவின் அந்தப் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பினாள். கைகள் தாமாகவே குவிந்தன. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"போயிட்டு வாங்க."

இரைச்சல் நின்றது. வெயில் மஞ்சளாகத் திரும்பியது. சோபா மெல்ல மேலெழுந்து சமமானது. தூசி நின்றுவிட்டது.

அய்யாக்கண்ணு இருமினார். அவரை இருவரும் வெளியே இழுத்துவந்து மோரைப் புகட்டினார்கள். முகத்தைக் கழுவக் கழுவ வெள்ளையாக வந்தது. மோர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னார்.

"தூங்கல மேடம். எல்லாம் காதுல விழுந்துச்சு. எந்திரிச்சு என்ன பண்ணப்போறோம்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

சம்பூர்ணம் தேவயானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லி அனுப்பினாய் என்று கேட்டாள். தேவயானி சொன்னாள்.

"அடிப்பாவி. வூட்டுக்கு வந்த சம்பந்தியா அது?"

தேவயானிக்குப் புரியச் சற்று நேரமானது. வந்தவரைப் போ என்று சொல்லக் கூடாது என்றுதான் அவளை வளர்த்திருந்தார்கள். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் போவது. மற்ற எந்த வாசலிலும் போயிட்டு வரேன், போயிட்டு வாங்க. கடன்காரனுக்கும் அதுதான், கண்டக்டருக்கும் அதுதான். மிஷின் சொன்ன வாருங்கள் பேச்சுப் போட்டிக்காகச் சொன்னது. இவள் சொன்னது அப்படி இல்லை. கைகூப்பி, மரியாதையோடு, வாய்நிறைய.

அதற்குப் பிறகு உச்சிப்பொழுதுகளில் அறை பேசவில்லை. வாடை இல்லை, தூசி இல்லை. வேலையாட்கள் பூசணிக்காய் உடைத்ததால்தான் சரியானது என்றார்கள். ராஜவேல் தன் மனஉறுதியால் சரியானது என்று நினைத்தார். தேவயானி மட்டும் ஒவ்வொரு மத்தியானமும் வாசலைப் பார்த்தபடி நின்றாள். சொல்லிக்கொண்டு போனவர்கள் நாள் பார்த்துத்தான் வருவார்கள்.

திறப்பு விழா காலை நல்ல நேரத்தில் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. சிறப்பு விருந்தினர் சென்னையிலிருந்து வந்த பெரிய மனிதர். எவ்வளவு பெரியவர் என்றால், அவருக்கு என்ன வேலை என்று கேட்கவே யாருக்கும் துணிச்சல் இல்லை. வழியில் பெரம்பலூரில் ஒரு மாலை, இன்னொரு ஊரில் ஒரு டிபன் என்று நல்ல நேரம் முழுவதும் ரோட்டிலேயே கரைந்தது. வெள்ளைக் கார் வந்து நின்றபோது நிழல் காலடிக்குள் போயிருந்தது.

சிறிது இளைப்பாறிவிட்டு மேடைக்கு வருவதாகச் சொல்லி அவர் நேராக வரவேற்பறைக்கு நடந்தார். தேவயானி குறுக்கே போய், வேறு அறையில் ஏசி இன்னும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். ராஜவேல் அவளுடைய முழங்கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே ஓரம் தள்ளினார். அவருடைய சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று தெரிந்தது. அதைத் தொட்டுக் காட்டினார். ஆர்டர்.

பெரிய மனிதர் வாசலைத் தாண்டினார். இலக்கியாவின் குரல் வரவேற்றது. சின்னதுரை கண் கலங்கினார்.

கொஞ்சம் பொறுத்துக் குரல் மறுபடி ஒலித்தது.

இரண்டாவது முறை யாரும் வாசலைத் தாண்டவில்லை.

மேடையில் ராஜவேல் மைக்கைப் பிடித்தார். காலம் இங்கே உறைந்து நிற்கிறது என்று தொடங்கினார். தேவயானி வரவேற்பறை வாசலுக்குப் போனாள். உதவியாளர்கள் அங்கே கைகட்டி நின்றார்கள். ஐயா யோசனையில் இருக்கிறார், தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர்களில் ஒருவன் கிசுகிசுத்தான். எட்டிப் பார்த்தாள். அவர் சோபாவின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. எது துணி, எது படிந்தது என்று சொல்ல முடியவில்லை. உதவியாளர்கள் கண்ணுக்கு அவர் வழக்கம்போலவே இருந்தார்.

மூக்குக் கண்ணாடிதான் காட்டிக்கொடுத்தது.

கண்ணாடி இரண்டும் வெள்ளையாக மூடியிருந்தன. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

உப்பு வாடை வந்தது. இரைச்சல் வந்தது. அவருக்கு இருபுறமும் சோபா அழுந்தியிருந்தது.

இந்த முறை போங்க என்று சொல்லக் கூடாது. போங்க என்றால் நாக்கு தானாகப் போயிட்டு வாங்க என்று முடித்துவிடும். ஒற்றைச் சொல்லாக, மரியாதை இல்லாமல், முகத்துக்கு நேரே கதவை அடைப்பது போலச் சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால், அந்த மனிதர் உட்கார்ந்திருக்கிற சோபாவைப் பார்த்து. அவளுக்கு அம்மா நினைவு வந்தது. சுவரில் கைபதித்து அம்மா நடந்த உயரத்தில், சுண்ணாம்பு தேய்ந்து ஒரு கோடு விழுந்திருந்தது. மேடையில் ராஜவேல் பேசப் பேச, ஆர்டர் இருந்த சட்டைப் பை ஏறி இறங்கியது.

பேசாமல் நின்றாலும் யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. நன்றியுரை முடியும் வரை யாருக்கும் தெரியக்கூடப் போவதில்லை.

தேவயானி உள்ளே கால் வைத்தாள்.

"போ" என்றாள். குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னாள். "போ. வெளிய போ. இனிமே இந்தப் பக்கம் வராத."

ராஜவேல் சரியாக மூச்சு வாங்க நிறுத்திய நேரம் அது. பந்தல் முழுக்கக் கேட்டது.

இரைச்சல் அறுந்தது. பிறகு ஏதோ ஒன்று அவளைக் கடந்து வாசலை நோக்கிப் போனது. ஈரம். குளிர். அவளுடைய தோளை உரசிக்கொண்டு போனது.

அது கடந்து முடிய நெடுநேரம் ஆனது.

பெரிய மனிதர் இருமினார். கைக்குட்டையில் வெள்ளைக் குழம்பாக ஏதோ வந்தது. கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணில் பட்ட முதல் காட்சி, அவருக்கு நேரே நின்று விரல் நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஒப்பந்த டிசைனர். காதில் விழுந்த கடைசிச் சொல் அவருக்கு நன்றாகவே விழுந்திருந்தது. எழுந்தார். யாரையும் பார்க்காமல் நடந்தார். ராஜவேல் மைக் ஒயரில் கால் சிக்கியபடி பின்னால் ஓடினார்.

கார் பக்கத்தில் நின்ற டிரைவர், ஐயா புறப்பட்டுவிட்டார் என்ற பரபரப்பைக் கேட்டுப் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தான். தலையைக் குனிந்தபடி, வந்தவர் யாரென்று நிமிர்ந்து பார்க்காமல், தினமும் சொல்வதைச் சொன்னான்.

"வாங்கய்யா. உக்காருங்க."

பெரிய மனிதர் அப்போது பந்தலைக்கூடத் தாண்டவில்லை.

கார் பின்பக்கமாக அழுந்தியது. டயர் பாதி மறையும் வரை அழுந்தி, மெல்ல ஆடி, நின்றது. தேவயானி பார்த்துக்கொண்டிருந்தாள். கத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அன்றைக்கு அவள் சொல்வதைக் கேட்க அங்கே யாரும் மிச்சமில்லை. பெரிய மனிதர் வந்து ஏறிக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது. ஏசிக்காகக் கண்ணாடிகள் மேலேறின. கார் பெரம்பலூர் ரோட்டில், நிறை லாரி மாதிரி முனகிக்கொண்டு போனது.

அவர் இப்போதெல்லாம் கூட்டங்களில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாராம். முன்பும் அப்படித்தான் என்பதால் யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த டிரைவர் மட்டும் விழா அன்றைக்கு வாங்கிவைத்த நம்பரில் அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டுப் பேசினான். பின்சீட்டில் விரித்த பூத்துவாலை பலகை மாதிரி ஆகிவிட்டது, தினமும் மாற்றுகிறேன், தினமும் ஆகிறது, கத்தியால் சுரண்டினால் உள்ளே சிப்பி சிப்பியாக வருகிறது, உங்கள் ஊர்த் தூசியா என்று கேட்டான். அய்யாக்கண்ணு போனை வைத்துவிட்டார்.

ராஜவேல் சட்டைப் பையிலிருந்த காகிதத்தைக் கிழித்துப்போட்டார். தேவயானியை அன்றைக்கே வேலையைவிட்டு நீக்கச் சொல்லி ஆபீசுக்கு உத்தரவிட்டார். ஆபீசில் தேடிப் பார்த்துவிட்டு, முடியாது என்று சொன்னார்கள். அவளுடைய ஒப்பந்தம் போன ஆடியிலேயே முடிந்திருந்தது. புதுப்பிக்க யாருக்கும் நினைவில்லை.